தளத்தை மூடினால் தளத்தைத் தாக்கலாமா? என் மாணவனுக்கு என்ன பதில் சொல்வது?

சுருதிப்பெட்டி கேட்டது:

வணக்கம். நான் வயலின் வாசிப்பவள், சொல்லிக்கொடுப்பவள். சர்வர், நெட்வொர்க் எல்லாம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன், 19 வயது. நேற்று வகுப்பு முடிந்து வில்லைத் தளர்த்திக்கொண்டே போனை என் பக்கம் நீட்டினான். ஏதோ ஒரு ஃபைல் பகிர்வுத் தளத்தை மூடிவிட்டார்களாம். அதற்குப் பதிலடியாக இசை நிறுவனங்களின் சங்கத் தளத்தை இந்த வார இறுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தாக்கி முடக்கப் போகிறார்களாம். இந்த லிங்கைத் தொட்டால் போதும், நீங்களும் சேர்ந்துவிடலாம் என்று ஒரு செய்தி. "டீச்சர், பெரிய கம்பெனிகளை எதிர்த்து இவங்க உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் சண்டை போடறாங்க. நான் சேரலாம்னு இருக்கேன்" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ராத்திரி முழுக்க யோசித்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

காரணம், இந்தச் சண்டையில் நான் இரண்டு பக்கமும் அடி வாங்கியவள்.

சில வருடங்களுக்கு முன் 9 உருப்படிகளோடு ஓர் ஆல்பம் வெளியிட்டேன். எந்த நிறுவனமும் எனக்குப் பின்னால் இல்லை. ஒலிப்பதிவுக்கூட வாடகை, மிருதங்கம் வாசித்தவருக்குக் கொடுத்தது, மிக்ஸிங் செலவு எல்லாம் என் சேமிப்பு. வெளியான நான்காம் நாள் முழு ஆல்பமும் ஒரு ஃபைல் தளத்தில் ஒரே ஜிப்பாகக் கிடந்தது. ஆறாவது உருப்படியின் ராகப் பெயரில் நான் ஓர் எழுத்தைத் தவறவிட்டிருந்தேன். ஏற்றியவர் அதைக்கூடத் திருத்தி வைத்திருந்தார். அதுவரை நான் விற்றது 212. அந்தப் பக்கத்தில் பதிவிறக்கக் கணக்கு 6,000-ஐத் தாண்டியிருந்தது. தளத்துக்கு எழுதினேன். மாலைக்குள் லிங்க் போய்விட்டது. மறுநாள் காலை அதே தளத்தில், அதே ஃபைலுக்கு, வேறொரு லிங்க். இப்படி ஏழு தடவை. எட்டாவது தடவை எழுத எனக்குத் தெம்பில்லை.

இரண்டாவது கதை அதற்கும் முந்தியது. என் குரு பாடம் சொன்ன கேசட்டுகளை, பூசணம் முழுதாகத் தின்பதற்குள், கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மொத்தம் 41 மணி நேரம். அப்போது என் ஹார்டு டிஸ்க் சிறியது. அதனால் பணம் கட்டி ஒரு ஃபைல் தளத்தில் போட்டு வைத்தேன். 2012 தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஒரு பெரிய தளத்தை முடக்கியதல்லவா, அதற்குப் பிறகு இந்த மாதிரித் தளங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. நான் நம்பியிருந்த தளமும் ஒருநாள் திறக்கவில்லை. முன்னறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை. குரு காலமாகி அப்போது இரண்டு வருடம். ஒரு பாடத்தின் நடுவில் அவர் பக்கவாட்டில் வெற்றிலைத் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்கும். அப்புறம், "அந்த இடத்துல அவசரப்படாதே, அது எங்கேயும் ஓடிப்போகாது" என்பார். அந்தக் குரல் என்னிடம் இப்போது இல்லை.

என் வேலையைத் திருடியதும் இந்த மாதிரி ஒரு தளம்தான். என் குருவின் குரலை வைத்திருந்ததும் இந்த மாதிரி ஒரு தளம்தான். மூடியவர்கள் மீது எனக்குக் கோபம் இருக்கிறது, மூடாமல் விட்டிருந்தாலும் கோபம் இருந்திருக்கும். பையனுக்கு என்ன சொல்வது?

---

இரவுக்காவல் பதில்:

அம்மா, அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த லிங்கைத் தொடவே வேண்டாம் என்று இன்றைக்கே பையனிடம் சொல்லுங்கள். நாளைய வகுப்பு வரை காத்திருக்காதீர்கள்.

நான் 16 வருடமாக சர்வர் வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். நீங்கள் சொல்லும் 2012 விவகாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜனவரி 19 அன்று மெகாஅப்லோடு என்ற ஃபைல் பகிர்வுத் தளத்தை அமெரிக்க அரசின் நீதித்துறை முடக்கியது. அதன் நிறுவனர் கிம் டாட்காமும் உடனிருந்த மூவரும் நியூசிலாந்தில் கைதானார்கள். சில மணி நேரத்துக்குள் அனானிமஸ் (பெயர் தெரியாதவர்) என்ற பெயரில் திரண்டவர்கள் நீதித்துறை, எஃப்பிஐ, இசை நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ, திரைப்பட நிறுவனங்களின் சங்கமான எம்பிஏஏ, யுனிவர்சல் மியூசிக் ஆகியவற்றின் தளங்களைத் திறக்க முடியாமல் செய்தார்கள். அன்று ட்விட்டரில் சுற்றிய லிங்குகளில் சில, தொட்ட கணமே உங்கள் உலாவியிலிருந்து தாக்குதலைத் தொடங்கிவிடும் பக்கங்கள். என்ன நடக்கிறது என்று பார்க்கப் போனவர்களும் தாக்கியவர்கள் ஆனார்கள். மறுநாள் அதைவிட மோசம். ஆதரவாளர்களுக்காகப் பகிரப்பட்ட ஒரு தாக்குதல் கருவியின் லிங்கை யாரோ மாற்றி, வங்கிக் கடவுச்சொற்களைத் திருடும் ஜியூஸ் என்ற ட்ரோஜனை அதில் வைத்துவிட்டார்கள். சைமான்டெக் நிறுவனம் இதைப் பிறகு ஆராய்ந்து வெளியிட்டது. நியாயத்துக்காக இறங்கிய பிள்ளைகளின் கம்ப்யூட்டரே களவு போனது.

அப்போது பிரபலமாக இருந்த லோய்க் என்ற கருவி, ஓட்டுபவரின் ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண்ணை, மறைக்காது. எதிரே இருக்கும் சர்வரின் பதிவேட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெயரிலேயே அனானிமஸ் இருக்கிறதே என்று நம்பியவர்கள் பலர் வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டியபோதுதான் அதைத் தெரிந்துகொண்டார்கள். 2011-இல் கோக் இண்டஸ்ட்ரீஸ் (Koch) என்ற நிறுவனத்தின் தளம் மீது நடந்த ஒரு தாக்குதலில் அமெரிக்கர் ஒருவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் சேர்ந்துகொண்டார். அந்தத் தளம் கால் மணி நேரம் போல முடங்கியது. 2013-இல் அவருக்குக் கிடைத்தது இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,83,000 டாலர் இழப்பீடும். பையனுக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே போதும் என்று நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் கேள்வி மாட்டிக்கொள்வதைப் பற்றியது மட்டும் இல்லை என்று புரிகிறது. எனவே நான் உள்ளிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு இரவு, மணி இரண்டு இருக்கும். திரையில் வழக்கமாக ஒரு விரல் உயரத்துக்கு ஓடும் பச்சைக் கோடு நட்டுக்குத்தாக மேலே போனது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரைக் குறிவைத்து டிடாஸ் தாக்குதல், அதாவது பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கொட்டித் தளத்தைத் திணறடிப்பது. அவர் என்ன தப்பு செய்தார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரே இயந்திரத்தில், ஒரே ஐபி முகவரியில், அவரோடு இன்னும் இருநூறு பேருக்கு மேல் தளம் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று, அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பவர்களின் எண்களைத் தொகுத்து வைத்திருந்த ஒரு சின்னக் குழுவுடையது. அந்த மாதிரி நேரத்தில் எங்களுக்கு இருக்கும் வழி ஒன்றுதான். அந்த முகவரிக்கு வரும் எல்லாவற்றையும் குழியில் கொட்டிவிடு என்று ரூட்டரிடம் சொல்வது. மற்ற இயந்திரங்களைக் காப்பாற்ற இந்த ஒன்றைக் கைவிடுகிறோம். கட்டளையைத் தட்டி எண்டரை அழுத்தியது நான்தான். தாக்கியவன் நினைத்ததை என் கையாலேயே முடித்துக் கொடுத்தேன். மூன்று மணி வாக்கில் அந்த ரத்ததானக் குழுவிலிருந்து ஒருவர் போன் செய்தார். "எங்க தளம் ஏன் வரல?" என்று கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மெகாஅப்லோடு முடக்கத்திலும் நடந்தது இதுதான் என்பது என் எண்ணம். நீதித்துறையின் கணக்குப்படியே அந்தத் தளத்துக்கு 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவு செய்த பயனர்கள். குற்றம் செய்தவர்களைப் பிடிக்க மொத்தக் கட்டடத்தையும் பூட்டினார்கள். வர்ஜீனியாவில் ஒரு நிறுவனத்திடம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்களில் ஏறத்தாழ 25 பெட்டாபைட் தரவு அப்படியே நின்றது. பராமரிக்கும் செலவை யார் ஏற்பது என்று வழக்கு இழுத்தது. பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துப் பிழைக்கும் ஒஹாயோக்காரர் ஒருவர், தன் சொந்த வீடியோக்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பின் துணையோடு நீதிமன்றத்தில் நின்றார். நெதர்லாந்தில் இருந்த 630 சர்வர்கள் 2013-இல் துடைக்கப்பட்டன. உங்கள் குருவின் 41 மணி நேரத்தை நினைக்கும்போது எனக்கு அந்த ஒஹாயோக்காரர்தான் ஞாபகம் வருகிறார்.

உங்கள் ஏழு லிங்குகளுக்கும் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்திருக்கலாம். இந்த மாதிரித் தளங்களில் ஒரு ஃபைலை ஏற்றினால் முதலில் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஹேஷ் என்று ஒரு கைரேகை எடுப்பார்கள். அதே கைரேகை ஏற்கனவே இருந்தால் இரண்டாவது பிரதியைச் சேமிக்க மாட்டார்கள். பழைய பிரதிக்கே புது லிங்க் ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். இட மிச்சத்துக்காகச் செய்வது, எல்லாரும் செய்வதும்கூட. ஆனால் புகார் வரும்போது லிங்கை மட்டும் வெட்டிவிட்டு ஃபைலை அப்படியே வைத்திருந்தால், மற்ற லிங்குகள் எல்லாம் உயிரோடு இருக்கும். மெகாஅப்லோடு மீதான குற்றச்சாட்டில் இதுவும் ஒன்று. அதிகம் பேர் இறக்கும் ஃபைல்களை ஏற்றியவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது இன்னொன்று. உங்கள் ஆல்பத்தின் ஃபைல் ஒரு தடவைதான் ஏறியிருக்கும். ஏழு கதவு வைத்திருந்தார்கள், நீங்கள் ஒவ்வொரு கதவாகப் பூட்டினீர்கள்.

---

கடல்மணல் பதில்:

இரவுக்காவல் சொன்ன எச்சரிக்கையை அப்படியே ஏற்கிறேன். பையன் அந்த லிங்கைத் தொடக்கூடாது. ஆனால் கதையைப் பாதியிலிருந்து சொல்கிறோம் என்று தோன்றுகிறது. பதிலடி என்றால், எதற்குப் பதிலடி?

2010-க்குப் போவோம். ஐப்ளெக்ஸ் என்ற இந்திய நிறுவனம் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்காக வேலை செய்தது. நோட்டீஸுக்குப் பதில் தராத டாரென்ட் தளங்களை நாங்களே டிடாஸ் செய்து முடக்குகிறோம் என்று அதன் தலைவரே பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் பேபேக் என்ற அனானிமஸின் பதிலடி தொடங்கியது. முதலில் அடி வாங்கியது ஐப்ளெக்ஸ், அடுத்து எம்பிஏஏ, ஆர்ஐஏஏ. அதாவது இந்த ஆயுதத்தை முதலில் கையில் எடுத்தது உரிமையாளர்கள் பக்கத்தில் நின்றவர்கள். நிறுவனம் செய்தால் சேவை, மாணவன் செய்தால் குற்றமா?

சட்டம் யாரை எப்படி நடத்தியது என்றும் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு பெண்மணி 24 பாடல்களைப் பகிர்ந்ததற்காக 2009-இல் ஒரு ஜூரி 19,20,000 டாலர் கட்டச் சொன்னது. ஒரு பாட்டுக்கு 80,000 டாலர். மேல்முறையீடுகளுக்குப் பிறகு அது 2,22,000 டாலராகக் குறைந்தது. அதையும் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிக் கட்டும்? அந்தப் பணத்தில் ஒரு வயலின்காரருக்கு ஒரு டாலர் போயிருக்குமா? இதையெல்லாம் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோபம் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

கூட்டமாகப் போய் ஒரு வாசலில் உட்காருவதைப் போராட்டம் என்கிறோம். இணையத்தில் கூட்டமாகப் போய் ஒரு தளத்தின் வாசலில் நின்றால்? 2001-இல் ஜெர்மனியில் லுஃப்தான்சா விமான நிறுவனத்தின் தளத்தை இப்படித்தான் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் திறந்தார்கள். அகதிகளை நாடுகடத்த அதன் விமானங்கள் பயன்படுவதை எதிர்த்து, தேதியும் நேரமும் முன்கூட்டியே அறிவித்துச் செய்தார்கள். ஏற்பாட்டாளருக்குக் கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2006-இல் ஃபிராங்ஃபர்ட் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அது வன்முறையோ மிரட்டலோ இல்லை என்று. கடிதம் எழுது, மனு போடு என்பது கேட்கக் காது இருப்பவர்களிடம் செல்லும். அம்மாவே ஏழு தடவை எழுதினார்கள், என்ன ஆயிற்று?

---

இரவுக்காவல் பதில்:

கடல்மணல், ஐப்ளெக்ஸ் பற்றி நீங்கள் சொன்னது சரி. நானே சொல்லியிருக்க வேண்டும். அது அசிங்கம்தான். அந்த 24 பாட்டுத் தீர்ப்பும் என் மனதுக்கு ஒப்பவில்லை.

ஆனால் அதே ஆபரேஷன் பேபேக்கில் ஏசிஎஸ் லா என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். படம் இறக்கினாய், சில நூறு பவுண்டு கட்டிவிடு, இல்லாவிட்டால் வழக்கு என்று ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கடிதம் அனுப்பிய நிறுவனம் அது. 2010 செப்டம்பரில் அதன் தளத்தை அடித்துச் சாய்த்தார்கள். திரும்ப ஏற்றும்போது அவசரத்தில் அவர்கள் ஒரு பேக்கப் ஃபைலைப் பொதுவெளியில் விட்டுவிட்டார்கள். தாக்கியவர்கள் அதை எடுத்து எல்லாருக்கும் பரப்பினார்கள். அதற்குள் இருந்தது யார்? கடிதம் வாங்கிய மக்கள். பெயர், முகவரி, எந்த ஆபாசப் படத்தை இறக்கியதாகக் குற்றம்சாட்டப்பட்டார்கள் என்ற விவரம். ஸ்கை பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் மட்டுமே 5,000-க்கு மேல். நிரூபிக்கப்படாத ஒரு புகாரால் அவர்கள் ஊர் முன் நின்றார்கள். யாரைக் காப்பாற்றப் போகிறோம் என்று கிளம்பினார்களோ அவர்களைத்தான் நிர்வாணமாக்கினார்கள். அந்த வழக்கறிஞருக்குக் கடைசியில் விழுந்த அபராதம் 1,000 பவுண்டு.

லுஃப்தான்சா உதாரணத்தை நான் மதிக்கிறேன். அங்கே மனிதர்கள் தங்கள் பெயரோடு, முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார்கள். முகம் காட்டி உட்காருகிறவன் அடுத்த கடைக்காரரிடம், அண்ணே, இரண்டு மணி நேரம் பொறுத்துக்கோங்க என்று சொல்ல முடியும். இந்தத் தாக்குதல்களில் அப்படி யாரிடமும் யாரும் சொல்வதில்லை. வாடகைக்கு எடுத்த பாட்நெட் இருந்தால் ஒரே ஆள் பத்தாயிரம் ஆள் போலத் தோன்றலாம். அந்தப் பத்தாயிரமும் வேறு யாருடைய வீட்டிலோ அவர்களுக்கே தெரியாமல் ஓடும் கம்ப்யூட்டர்கள்.

பலன் என்று பார்த்தாலும் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2012 ஜனவரி 18 அன்று இணையத் திருட்டைத் தடுக்க என்று கொண்டுவந்த சோபா, பிபா என்ற இரண்டு அமெரிக்க மசோதாக்களை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கத் தன்னைத் தானே இருட்டாக்கிக்கொண்டது. கூகுள் தன் பெயர்ச்சின்னத்தின் மேல் கறுப்புப் பட்டை போட்டது, அதன் மனுவில் 70 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். அன்றைக்கே செனட்டர்கள் ஒவ்வொருவராக ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 20-ஆம் தேதி இரண்டு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன. அனானிமஸ் தாக்கியது நடுவில், 19-ஆம் தேதி. அரசுத் தளங்கள் சில மணி நேரத்தில் திரும்பி வந்தன. தங்கள் தளத்தைத் தாங்களே மூடியவர்கள்தான் சாதித்தார்கள்.

---

கடல்மணல் பதில்:

போலந்தை விட்டுவிட்டீர்கள். அதே வாரம், போலிச் சரக்கையும் பதிப்புரிமை மீறலையும் தடுக்க என்று வந்த ஆக்டா என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தை எதிர்த்துப் போலந்து அரசுத் தளங்கள் தாக்கப்பட்ட பிறகுதான் அந்தப் பெயரே பலருக்குத் தெரிந்தது. அப்புறம்தான் ஜனங்கள் கடுங்குளிரில் தெருவுக்கு வந்தார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் காகித முகமூடி அணிந்து அவையில் உட்கார்ந்தார்கள். ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 478-க்கு 39 என்ற கணக்கில் ஆக்டாவை நிராகரித்தது. தெருவில் நின்றவர்களுக்குத்தான் பெருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் அவர்களை எழுப்பினார்கள் என்ற கேள்வியை நான் விட மாட்டேன்.

ரத்ததானக் குழு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

படிக்கட்டு பதில்:

நான் பதிப்புரிமை வழக்குகளில் எழுத்துவேலை பார்ப்பவன். இருவரும் சொன்னதற்கு நடுவில் அம்மாவுக்கு உபயோகமாகச் சில விஷயங்கள்.

2012-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு திரைப்படங்களுக்காக ஓர் உத்தரவு வாங்கினார்கள். யார் திருடுவார் என்று முன்கூட்டியே தெரியாததால் எதிராளியின் இடத்தில் அசோக் குமார் என்று ஒரு பொதுப்பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டு இணையச் சேவை நிறுவனங்கள் வீமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுவதுமாக அடைத்தன. குறும்பட இளைஞர்கள் தங்கள் சொந்தப் படத்தைத் தாங்களே பார்க்க முடியாத நிலை. அப்போதும் தாக்குதல்கள் நடந்தன, உச்ச நீதிமன்றத்தின் தளமும் தப்பவில்லை. பூட்டைத் திறந்தது, சேவை நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கே திரும்பப் போய் விளக்கம் கேட்டதுதான். முழுத் தளத்தையும் அடைக்கக் கூடாது, மீறல் இருக்கும் குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டும் அடைக்கலாம் என்று அந்த ஜூன் மாதமே தெளிவுபடுத்தினார்கள். ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் சண்டை போட்டிருக்க வேண்டும்.

மெகாஅப்லோடு வழக்கிலும் அரசுப் பக்கம் சுத்தம் என்று சொல்ல முடியாது. நியூசிலாந்தின் உளவு அமைப்பு டாட்காமைச் சட்டவிரோதமாக வேவு பார்த்தது தெரியவந்து, 2012 செப்டம்பரில் பிரதமர் ஜான் கீ மன்னிப்புக் கேட்டார். சோதனை வாரண்டுகள் செல்லாது என்று முதலில் உயர் நீதிமன்றம் சொன்னது, 2014-இல் மேல் நீதிமன்றங்கள் செல்லும் என்றன. உடனிருந்தவர்களில் இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023-இல்தான் தண்டனை பெற்றார்கள். கைதிலிருந்து 11 வருடம்.

அம்மா, உங்கள் நோட்டீஸுக்கு வருகிறேன். அமெரிக்காவின் 1998-ஆம் வருடத்து டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் வடிவத்தைத்தான் பெரும்பாலான தளங்கள் பின்பற்றுகின்றன. படைப்பு எது, எந்த முகவரியில் இருக்கிறது, நீங்கள் யார், அனுமதி இல்லாமல் வைக்கப்பட்டிருப்பதாக நல்லெண்ணத்தோடு நம்புகிறீர்கள் என்ற உறுதிமொழி, கையெழுத்து. இவை இருந்தால் வெறும் புகார்க் கடிதத்தைவிட எடை அதிகம். கூடவே ஒரு வரி சேருங்கள்: "இதே ஃபைலைச் சுட்டும் மற்ற எல்லா லிங்குகளையும் நீக்கவும்." தளத்தை மட்டும் நம்பாமல், தேடுபொறிக்கும் விளம்பரம் கொடுக்கும் நிறுவனத்துக்கும் அதே நோட்டீஸை அனுப்புங்கள். வருமானம் வரும் பக்கத்தைத் தொட்டால் பதில் சீக்கிரம் வரும்.

நோட்டீஸ் அனுப்பும் கைக்கும் பொறுப்பு உண்டு. ஒரு தாய் தன் குழந்தை ஆடும் 29 நொடி வீடியோவைப் போட, பின்னணியில் பாட்டு கேட்கிறது என்று யுனிவர்சல் நீக்கச் சொன்னது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நோட்டீஸ் அனுப்பும் முன் அது நியாயமான பயன்பாடா (பாடம், விமர்சனம் போல, அனுமதி இல்லாமலே சட்டம் இடம் தரும் பயன்பாடா) என்று யோசித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றது. தவறாக நீக்கப்பட்டால் எதிர் நோட்டீஸ் கொடுக்கலாம். உரிமையாளர் வழக்குப் போடாவிட்டால், டிஎம்சிஏ-படி 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் ஃபைலைத் திரும்ப வைக்க வேண்டும். உங்கள் மாணவனுக்கு இந்த இரண்டாவது வழியையும் காட்டுங்கள். கோபக்காரப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் ஆயுதம் இது.

---

சுருதிப்பெட்டி பதில்:

எல்லாருக்கும் நன்றி. இரவுக்காவல் சொன்னதும் அன்று இரவே பையனுக்குப் போன் செய்தேன். அவன் லிங்கைத் தொடவில்லை. "நீங்க நாளைக்குச் சொல்றேன்னீங்களே டீச்சர், அதான் வெயிட் பண்ணேன்" என்றான். எனக்குக் கை நடுங்கியது.

மறுநாள் வந்தவனிடம் சட்டத்தையும் அபராதத்தையும் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அப்படியே படிக்கக் கொடுத்தேன். ரூட்டரில் குழி தோண்டிய இடத்தை இரண்டு தடவை படித்தான். கடல்மணல் எழுதியதைப் படித்துவிட்டு, இவர் சொல்றதும் சரிதானே என்றான். சரிதான் என்றேன். ஐப்ளெக்ஸ் செய்ததற்கும் அந்த 24 பாட்டுக்கும் எனக்கும் கோபம் வந்தது என்று அவனிடம் ஒளிக்கவில்லை. ஆனால் எனக்காக என்று சொல்லி யாரும் யாருடைய கதவையும் உடைக்க வேண்டாம், என் பெயரை அதற்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். அவன் பேசாமல் இருந்தான். ஒத்துக்கொண்டானா என்று தெரியாது. இன்னும் யோசிக்கிறான் போல.

அப்புறம் இருவரும் உட்கார்ந்து ஆல்பத்துக்கு நோட்டீஸ் எழுதினோம். தேடினால் இன்னும் மூன்று இடத்தில் கிடக்கிறது. எழுதுவதற்கு முன் அவன் ஒரு கேள்வி கேட்டான்: நாலாவது தேடல் முடிவில் வருகிறதே, ஒருவர் உங்கள் வாசிப்பில் ஒரு நிமிடத்தை எடுத்து, விரல் நகர்வை விளக்கிப் பாடம் நடத்துகிறார், அதையும் சேர்ப்பதா? திறந்து பார்த்தேன். நல்ல பாடம். நான் அந்தப் பிடியை எப்படி எடுத்தேன் என்று என்னைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதை விட்டுவிட்டோம். மற்ற மூன்றுக்கு மட்டும் அனுப்பினோம்.

குருவின் பதிவுகள் பற்றி அவனுக்கு முன்பு தெரியாது. இதில் படித்துத்தான் தெரிந்துகொண்டான். பழைய கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டான். பரணில் இருக்கிறது, 2013-க்குப் பிறகு போடவே இல்லை என்றேன். அவனே ஏறி இறக்கினான். ஹார்டு டிஸ்கைக் கழற்றி ஏதோ ஒரு கேபிளில் மாட்டினான். டக் டக் என்று ஒரு சத்தம் வருகிறது, திறக்க மறுக்கிறது.

இரவுக்காவல், இந்தச் சத்தம் வந்தால் மேலே முயற்சி செய்யலாமா, அல்லது உடனே கழற்றி வைத்துவிட வேண்டுமா?

---

இரவுக்காவல் பதில்:

உடனே கழற்றுங்கள், அம்மா. இன்னொரு தடவை மின்சாரம் கொடுக்காதீர்கள். அந்தச் சத்தம் பெரும்பாலும் டிஸ்கின் உள்ளே படிக்கும் முனை (தலை), தரவு பதிந்த தட்டை ஒழுங்காகப் படிக்க முடியாமல் தடுமாறும் சத்தம். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் இன்னும் கொஞ்சம் கீறல் விழலாம். இணையத்தில் ஃப்ரீஸரில் வை, தட்டிப் பார் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள், ஒன்றையும் செய்யாதீர்கள். நிலைமின் தடுப்புப் பை இருந்தால் அதில் போட்டு, இல்லாவிட்டால் உலர்ந்த அட்டைப்பெட்டியில் வைத்து, டிஸ்க் மேலே ஒட்டியிருக்கும் லேபிளைத் தெளிவாகப் படம் எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். தலையை மாற்றிப் படிக்கும் வேலையைச் சுத்த அறையில் செய்கிறவர் ஒருவர் எனக்குப் பழக்கம், அவரிடம் பேசுகிறேன்.

அந்தத் தளத்துக்கு ஏற்றியது இந்த டிஸ்கிலிருந்துதானா? ஏற்றிய பிறகு அழித்தீர்களா, அதே இடத்தில் வேறு ஏதாவது எழுதினீர்களா? நினைவிருக்கும் வரை எழுதி அனுப்புங்கள்.